தம்பிக்குப் பதிலாக அப்பா கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 30. மனச்சிதைவு நோய்க்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். மருந்து மாற்றிப் பார்த்தும் காதில் குரல் கேட்பது முழுசாக நிற்கவில்லை. அவனைப் பார்க்கும் தனியார் மருத்துவமனையில், ‘மாதம் ஒரு ஊசி போடுகிற புது மருந்துக்குக் கிளினிக்கல் ட்ரையல் நடக்கிறது, சேர்ந்தால் எல்லாமே இலவசம்’ என்று சொல்லி, ஆங்கிலத்தில் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள். தம்பியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ‘அவருக்குத்தான் மனநோய் ஆச்சே, அப்பா கையெழுத்துப் போட்டால் போதும்’ என்கிறார் அங்குள்ள ஊழியர். அப்பாவும் போட்டுவிடலாம் என்கிறார். தம்பியோ, ‘என்ன ஊசின்னு சொன்னா நானே முடிவு பண்ணிக்குவேன்’ என்கிறான். சட்டம் என்ன சொல்கிறது? அவனுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? வேறு ஊர்களில் நடக்கும் ஆய்வுகளை நாமே தேடிப் பார்க்க முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அப்பா இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். தன்னிடம் விவரம் சொன்னால் தானே முடிவு செய்வதாகத் தம்பி சொல்கிறார் அல்லவா, சட்டம் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 4ஆம் பிரிவு, தன் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறனை மனநோய் உள்ளவருக்கும் மற்றவர்களைப் போலவே அங்கீகரிக்கிறது. சொல்லப்படும் தகவல் புரிகிறதா, விளைவு தெரிகிறதா, முடிவைச் சொல்லவோ சைகையால் காட்டவோ முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தகவலையும் அவருக்குப் புரிகிற எளிய மொழியில் சொல்லியாக வேண்டும். அவர் எடுக்கும் முடிவு வீட்டாருக்கோ டாக்டருக்கோ தவறாகப் படுகிறது என்பதற்காக மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. மனநோய்ச் சீட்டு ஒன்று இருந்தாலே அந்த ஆளின் கையெழுத்து செல்லாது என்ற நினைப்பு நம் ஊரில் பத்திரப்பதிவு அலுவலகம் முதல் வங்கி வரை ஊறிக் கிடக்கிறது. மருத்துவமனை ஊழியரும் அதே பழக்கத்தில் பேசியிருப்பார்.

ஆய்வுக்கென்றே அந்தச் சட்டத்தில் 99ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. பேட்டி எடுப்பதானாலும், உளவியல் பயிற்சியானாலும், மருந்தானாலும், மனநோய் உள்ளவரிடமிருந்து அவர் விவரம் அறிந்து சுயமாகத் தரும் ஒப்புதல் வேண்டும். அப்படியானால் பிரதிநிதி கையெழுத்து என்பதே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் அந்த வாசல் மிகக் குறுகலானது. நோயாளி ஒப்புதல் தர இயலாத நிலையில் இருக்க வேண்டும், ஆய்வில் சேர்வதை எதிர்க்காமலும் இருக்க வேண்டும். அதன் பிறகும் மருத்துவமனை மாநில மனநல ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும். ஒப்புதல் தரக்கூடியவர்களை வைத்து இந்த ஆய்வைச் செய்யவே முடியாது, ஆய்வு நடத்துவோரின் ஆதாய விவரங்கள் முழுக்க வெளியிடப்பட்டிருக்கின்றன, ஆய்வைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறது என்றெல்லாம் ஆணையம் திருப்தியடைந்தால்தான் நியமனப் பிரதிநிதியின் ஒப்புதலோடு ஆய்வு நடக்கலாம். உங்கள் தம்பி ‘எனக்குச் சொல்லுங்கள்’ என்று கேட்கிறார். அவர் விஷயத்தில் இந்த வாசலுக்கே வேலை இல்லை. அவர் ‘வேண்டாம்’ என்றாலோ பேச்சு அத்தோடு முடிந்தது. அப்பா மட்டும் போடும் கையெழுத்துக்கு ஆய்வைப் பொறுத்தவரை மதிப்பில்லை. சட்டத்தை மீறி நடப்பவர்களுக்கு 108ஆம் பிரிவில் முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது.

தம்பிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் இன்னொரு பாதுகாப்பும் சேர்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 6ஆம் பிரிவின்படி, அவரை ஆய்வுக்கு உட்படுத்த அவருடைய ஒப்புதலோடு, அரசு அமைக்கும் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். இதை மருத்துவமனையிடம் கேட்டுப் பாருங்கள். பலர் அப்படி ஒரு விதி இருப்பதையே மறந்திருப்பார்கள்.

இனி அந்தக் காகிதக் கட்டு. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் 2019-இன்படி, தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் ஆய்வில் சேர்பவருக்குப் புரியும் மொழியில், மருத்துவக் கலைச்சொல் நெரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழு அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே தமிழ்ப் பிரதி கேளுங்கள். ‘நான் வாயால் சொல்லிவிடுகிறேன்’ என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடன் இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. கையெழுத்தான பிறகு தகவல் தாளுடன் ஒப்புதல் படிவத்தின் நகல் ஒன்று தம்பியிடம் வந்து சேர வேண்டும். சட்ட ரீதியாக அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம்.

படிவத்தில் ஓர் இடத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். முகவரி, படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் எல்லாம் கேட்டுவிட்டு, வாரிசு நியமனத்துக்கு ஒரு வரி வரும்: பெயர், முகவரி, என்ன உறவு. ஆய்வின் காரணமாக மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பதற்கான வரி அது. வங்கிப் படிவத்தில் நிரப்புகிற மாதிரி அவசரத்தில் எதையாவது எழுதிவிட்டு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை யார் பேருக்கு எழுதுவது என்பதையும் தம்பியே சொல்லட்டும்.

‘எல்லாமே இலவசம்’ என்ற பேச்சு என்னை எப்போதும் கொஞ்சம் உறுத்தும். மருந்தும் பரிசோதனையும் இலவசம் என்பது உண்மைதான். ஆனால் தம்பிக்கு எது கிடைக்கப்போகிறது என்பது யாருக்கும் தெரியாது. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குப் புது மருந்தும், மற்றவர்களுக்குப் பழைய மருந்தோ மருந்தே இல்லாத வெற்று ஊசியோ போடுவது இத்தகைய ஆய்வுகளில் வழக்கம். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா என்பது. சில ஆய்வுகளில் புது மருந்து தொடங்கும் முன் பழைய மருந்து உடம்பிலிருந்து வெளியேற வேண்டுமென்று சில நாட்கள் நிறுத்தச் சொல்வார்கள். மனச்சிதைவில் அந்த இடைவெளியில் நோய் திரும்பிவிடும் ஆபத்து இருக்கிறது. வெற்று மருந்து உண்டா, எத்தனை வாரத்துக்கு, நிலைமை மோசமானால் என்ன செய்வீர்கள், இரவு நேரத்தில் எந்த எண்ணுக்கு அழைப்பது? இதற்கெல்லாம் தகவல் தாளில் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். இரண்டு மருந்து மாற்றிப் பார்த்தும் பலன் கிடைக்காதவர்களுக்கு ஏற்கெனவே நிரூபணமான க்ளோசபின் தம்பிக்குத் தரப்பட்டதா என்பதையும் கேளுங்கள். நான் மருத்துவன் இல்லை. ஆனால் கைவசம் இருக்கும் நல்ல சிகிச்சை கொடுக்கப்படாமல் வெற்று மருந்து கொடுக்கப்பட்டது என்பது இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு தனிக் காரணம். அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

இழப்பீடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வில் ஏதேனும் பாதிப்பு நேர்ந்தால், அது ஆய்வோடு சம்பந்தமில்லாதது என்று நிரூபணமாகும் வரை, அல்லது தேவைப்படும் காலம் வரை, சிகிச்சைச் செலவை ஆய்வை நடத்துபவரே ஏற்க வேண்டும். அது ஆய்வால் வந்த பாதிப்பு என்றால் பணமும் தர வேண்டும். மரணத்துக்கான கணக்கு விதிகளின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக்குரிய காரணியாலும், நோயின் தீவிரத்துக்கு 0.5 முதல் 4 வரை தரப்படும் எண்ணாலும் பெருக்கி, 99.37-ஆல் வகுக்க வேண்டும். வயது 30 என்றால் காரணி 207.98. தீவிரத்துக்கு 2 என்று வைத்தால் தொகை ஏறக்குறைய 33.5 லட்சம் வரும். நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு அந்த எண் குறையும் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆரோக்கியமாக வந்து சேர்ந்தவருக்குத்தான் 4. தீவிரமான பாதிப்பு ஏற்பட்ட 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் மத்திய உரிமம் வழங்கும் அதிகாரிக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். அதிகாரி உத்தரவிட்ட 30 நாளுக்குள் பணம் வர வேண்டும்.

இந்த விதிகள் தானாக வந்தவை அல்ல. ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. 2005 முதல் 2012 வரை ஆய்வுகளில் 2,644 பேர் இறந்ததாகவும், அதில் 80 மரணம் ஆய்வால் ஏற்பட்டது என்றும் மத்திய அரசே அந்த வழக்கில் கணக்குக் கொடுத்தது. எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் புத்தம்புது மூலக்கூறுகளைச் சோதிக்கும்போது ஒப்புதல் வாங்குவதை வீடியோவும் குரலுமாகப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. தம்பியிடம் விளக்கம் சொல்லும்போது கேமரா ஓடினால் பயப்பட வேண்டாம்; அது அவருடைய பாதுகாப்புக்குத்தான்.

தேடுவது எப்படி என்பதற்கு வருகிறேன். இந்தியாவில் எந்த மருந்து ஆய்வும் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் ஒரு நிறுவனம் நடத்தும் இந்தப் பதிவேடு 2007-இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலத்தில்தான் தேட வேண்டியிருக்கும். தம்பியின் டிஸ்சார்ஜ் சீட்டில் நோய்ப் பெயருக்குப் பக்கத்தில் எஃப்20 என்ற குறியீடு இருக்கலாம். மனச்சிதைவுக்குப் பரவலாகப் பயன்படும் சர்வதேசக் குறியீடு அது. பெயராலும் தேடுங்கள், குறியீடு கிடைத்தால் அதையும் வைத்துத் தேடுங்கள். ஒரு பதிவைத் திறந்ததும் ‘ரெக்ரூட்மென்ட் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்துக்குப் போங்கள். ‘ஓப்பன் டு ரெக்ரூட்மென்ட்’ என்றிருந்தால்தான் ஆள் சேர்க்கிறார்கள். ‘கம்ப்ளீட்டட்’ என்றால் முடிந்துபோனது. அதே பதிவில் எந்தெந்த ஊர், எந்த மருத்துவமனை, யார் சேரலாம், யார் சேரக் கூடாது, நெறிமுறைக் குழு எது, அது ஒப்புதல் கொடுத்துவிட்டதா, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் (டி.சி.ஜி.ஐ.) அனுமதி எந்த நிலையில் இருக்கிறது, பொதுமக்கள் யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று வரிசையாக இருக்கும். நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது இதுதான்: அந்த மருத்துவமனை கொடுத்த காகிதத்தில் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். எண் இல்லை என்றாலோ, எண்ணைப் போட்டால் பதிவு வரவில்லை என்றாலோ, அப்படி ஓர் ஆய்வில் தம்பி சேரவே வேண்டாம்.

புது மருந்து என்றில்லாமலும் ஆய்வுகள் நடக்கின்றன. சென்னையில் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் தமிழ்நாட்டுப் பகுதியை நடத்திய ஓர் ஆய்வு எனக்கு நினைவிருக்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் போய்க் கவனிப்பது, மருத்துவமனைச் சிகிச்சையோடு சேரும்போது எவ்வளவு பலன் தருகிறது என்று பார்த்த ஆய்வு அது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் மூன்றிலுமாக 282 பேர் பங்கேற்றனர். முடிவு 2014-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பலன் மிதமானது, ஆனால் இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் பேச்சு சிகிச்சை, யோகா, மூளைக்கு வெளியிலிருந்து காந்தத் தூண்டல் என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மருந்துக்கான இழப்பீட்டு விதிகள் இவற்றுக்கு நேரடியாகப் பொருந்தாது. இவற்றுக்கு ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளும், நான் மேலே சொன்ன 99ஆம் பிரிவும்தான் காவல்.

எப்போது வேண்டுமானாலும் தம்பி ஆய்விலிருந்து விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, அதனால் அவருக்குத் தரும் வழக்கமான சிகிச்சையும் குறையக் கூடாது. மருந்தைத் திடீரென நிறுத்தும் வேலை மட்டும் வேண்டாம். எப்படி நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டு விலகட்டும். ஆய்வு முடிந்த பிறகும் அந்த மருந்து தேவைப்பட்டால் என்ன என்று இப்போதே கேட்டு வையுங்கள். வேறு மாற்று மருந்து இல்லாத நோய் என்றால்தான், ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டு, இலவசமாகத் தொடர்ந்து தர விதி இருக்கிறது. மனச்சிதைவுக்கு மாற்று மருந்து உண்டு என்பதால் அதை நம்பி இறங்க வேண்டாம்.

இதற்கிடையில் தம்பி தெளிவாக இருக்கும் ஒரு நாளில், ஒரு வெள்ளைத்தாளில் தன் நியமனப் பிரதிநிதி யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கட்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அது அப்பாவாக இருக்க வேண்டும் என்பதில்லை, நீங்களாகவும் இருக்கலாம். மருத்துவமனை தமிழ்ப் படிவம் தர மறுத்தாலோ, தம்பியைத் தவிர்த்துக் கையெழுத்து வாங்க முயன்றாலோ, பதிவேட்டில் இருக்கும் நெறிமுறைக் குழுவின் தலைவருக்குப் விரைவுத் தபாலில் எழுதுங்கள். அந்தத் தலைவர் அந்த நிறுவனத்தைச் சாராதவராக இருக்க வேண்டும் என்பது விதி. நகலை மாநில மனநல ஆணையத்துக்கு அனுப்புங்கள். வழக்கறிஞர் தேவைப்பட்டால் அதே மனநலச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி தம்பிக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் மனு கொடுக்கும்போது அந்தப் பிரிவு எண்ணையும் மனுவில் குறிப்பிடச் சொல்லுங்கள்.