மீண்டும் தறிக்கு வரும் சகோதரிக்குச் சங்கம் செய்யக்கூடியவை

வீட்டில் அடியும் வசையும் பொறாது வெளியேறிய பெண்ணொருத்தி சங்கத்தில் வேலை வேண்டி வருவாளாயின், நிர்வாகிகள் முதற்கண் நோக்க வேண்டுவது கூலி எவர் கைக்குச் செல்கிறது என்பதேயாகும். தறி கணவன் வீட்டில், கணக்கு அவன் பெயரில். தார் சுற்றியதும் நெய்ததும் அவள். தணிக்கையில் இதனை நாம் அடிக்கடி காண்கிறோம். பழைய கணக்கிலேயே கூலியை வரவு வைப்பது அவளை அவ்வீட்டிற்கே திருப்பி அனுப்புவதற்கு ஒப்பாகும். அவளுக்குத் தனி அங்கத்தினர் எண்ணும், அவள் மட்டுமே கையாளும் வங்கிக் கணக்கும் வேண்டும். கணவன் வாங்கிய முன்பணத்தை அவள் கூலியில் பிடித்தல் முறையன்று.

பொதுத் தறிக்கூடம் இருப்பின் ஒரு தறியை ஒதுக்கலாம். இல்லையேல் தார் சுற்றல், சரக்கு மடித்தல் போன்றவை உண்டு. உறங்காத கண்ணும் நடுங்கும் கையும் நெசவில் தெரியவே செய்யும். முதல் மாதம் முழு அளவை எதிர்பார்த்தல் தகாது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ளது. அதன் 18ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்டிரேட்டு பிறப்பிக்கும் உத்தரவு, அவள் பணியிடத்தில் எதிரி நுழைவதையும் தடை செய்யலாம். அதன் நகலொன்று காரியதரிசியிடம் இருத்தல் நலம். உதவிக்கு 181 என்னும் தொலைபேசி எண் உண்டு.

கணவனும் அதே சங்க அங்கத்தினராயின் இருவருக்கும் பட்டுவாடா நாளை வேறாக்குக. சமரசம் பேச விழையும் பெரியோர் குழுவில் இருப்பர்; அவர்தம் நோக்கம் நன்றே, எனினும் குழுவின் அதிகாரம் நூலோடும் கூலியோடும் நின்றுவிடுகிறது. அவள் தங்கியுள்ள இடத்தை எவர் கேட்பினும் சொல்லலாகாது.