வீட்டு சர்வரின் மெயில் ஏன் வெளியே போக மறுக்கிறது?

கேள்வி: பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் போட்டு, பேக்கப்புக்கும் சிசிடிவி பதிவுக்கும் வைத்திருக்கிறேன். பேக்கப் நின்றுபோனால் எனக்கு மெயில் வரட்டும் என்று போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவினேன். ஜிமெயிலுக்கு அனுப்பினால் ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்று லாகில் வந்தது. நண்பர் சொன்னபடி மைடெஸ்டினேஷன் வரியில் ஜிமெயில்.காம் சேர்த்தேன். இப்போது ‘யூசர் அன்நோன்’ என்று உடனே திரும்பி வருகிறது. ரூட்@சர்வர்.ஹோம்.ஆர்ப்பா என்று போகும் முகவரியை என் ஜிமெயில் முகவரியாக மாற்றவும் வழி சொல்லுங்கள்.
– வாசகர், திருச்சி

பதில்: முதல் வேலையாக மைடெஸ்டினேஷனிலிருந்து ஜிமெயில்.காமை எடுத்துவிடுங்கள். அந்த வரியில் இருக்கும் டொமைன்களுக்கான மெயில் இந்த மெஷினிலேயே தங்கிவிடும். அதனால்தான் போஸ்ட்ஃபிக்ஸ் வெளியே போகாமல், உங்கள் ஜிமெயில் பெயரை டெஸ்க்டாப்பின் யூசர்களுக்குள் தேடி, இல்லை என்று திருப்பிவிட்டது. சொந்த டொமைன் வைத்திருப்பவர்களும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மெயில்பாக்ஸ் எல்லாம் வெளி நிறுவனத்திடம் இருக்கும். டொமைன் பெயரை மட்டும் இந்த வரியில் எழுதிவைப்பார்கள். அப்புறம் அதே டொமைனில் உள்ள அண்ணனுக்கோ மனைவிக்கோ சர்வரிலிருந்து ஒரு மெயிலும் போய்ச் சேராது.

‘டைம்டு அவுட்’ ஆனதற்கு உங்கள் அமைப்பு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வைரஸ் தொற்றிய கம்ப்யூட்டர்கள் ஸ்பேம் அனுப்பாமல் தடுக்க, இணைய நிறுவனங்கள் பல வீட்டு இணைப்புகளில் 25ஆம் போர்ட்டை மூடியே வைத்திருக்கின்றன. திறந்திருந்தாலும் பயன் குறைவு. வீட்டு ஐபி முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பேம்ஹவுஸின் பிபிஎல் 2007 முதல் இருக்கிறது; அதைப் பார்த்தே பல மெயில் சர்வர்கள் கதவைச் சாத்திவிடும். வீட்டிலிருந்து நேராக மெயில் அனுப்பும் முயற்சியை விட்டுவிடுங்கள். 587ஆம் போர்ட்டில் பாஸ்வேர்டு கொடுத்து ஜிமெயிலிடமே ஒப்படைப்பதுதான் நிலைத்து ஓடும்.

மெயின்.சிஎஃப் கோப்பில் ரிலேஹோஸ்ட் வரிக்கு [எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம்]:587 என்று எழுதுங்கள். சதுர அடைப்பை விடக்கூடாது. அது இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் பதிவைத் தேடிக் கிளம்பும்; இருந்தால் அந்த சர்வருக்கே நேராகப் போகும். எஸ்எம்டிபி கிளையன்ட் பகுதியில் சாஸ்ல் சரிபார்ப்பை இயக்கி, டிஎல்எஸ் அளவை ‘என்கிரிப்ட்’ என்று வையுங்கள். கூகுள் கணக்கின் வழக்கமான பாஸ்வேர்டு 2022 முதல் இதற்குச் செல்லாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதும் கோப்புக்கு, போஸ்ட்மேப் ஓட்டுவதற்கு முன்பே 600 அனுமதி கொடுத்துவிடுங்கள். போஸ்ட்மேப் உருவாக்கும் டிபி கோப்பு மூலக் கோப்பின் வாசிப்பு அனுமதியையே எடுத்துக்கொள்ளும். பிறகு மாற்றினால் ஒன்று பூட்டியும் மற்றொன்று திறந்தும் கிடக்கும். டெபியனில் லிப்சாஸ்ல்2-மாட்யூல்ஸ் பேக்கேஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாமல் போனால், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் லாகின் நடக்காது.

இனி முகவரி மாற்றம். பலரும் கேனானிக்கல் மேப்ஸைப் பரிந்துரைப்பார்கள். உங்களுக்கு அது வேண்டாம். மெயில் க்யூவுக்குள் நுழையும்போதே அது வேலை செய்கிறது. அனுப்புநர், பெறுநர் இரண்டையும், மெஷினுக்குள்ளேயே சுற்றும் மெயிலிலும் சேர்த்து மாற்றிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் 2.2இல் வந்த எஸ்எம்டிபி ஜெனரிக் மேப்ஸ், மெயில் எஸ்எம்டிபி வழியாக வெளியேறும் நேரத்தில் மட்டும் மாற்றும். வீட்டுக்குள் குட்டி, பாப்பா என்று கூப்பிட்டாலும் பள்ளிச் சான்றிதழில் முழுப் பெயர்தானே எழுதுகிறோம், அந்த மாதிரி. ஜெனரிக் கோப்பில் இடப்பக்கம் ரூட்@சர்வர்.ஹோம்.ஆர்ப்பா, வலப்பக்கம் உங்கள் ஜிமெயில் முகவரி. அடுத்த வரியில் இடப்பக்கம் @சர்வர்.ஹோம்.ஆர்ப்பா என்று மட்டும் எழுதினால், பெயர் குறிக்காத மற்ற எல்லா யூசர்களும் அதில் அடங்கிவிடுவார்கள். முழு முகவரியைத்தான் போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் தேடும் என்பதால் வரிகளின் வரிசை ஒரு பொருட்டல்ல. (ஹோம்.ஆர்ப்பாவைத் தேர்ந்தெடுத்தது நல்ல காரியம். 2018இல் வீட்டு நெட்வொர்க்குக்கென்றே ஒதுக்கிய பெயர் அது.)

கணக்கில் முன்பே பதிவுசெய்யாத அனுப்புநர் முகவரியை ஜிமெயில் தானே அழித்து, கணக்கின் முகவரியைப் போட்டுவிடும். அப்படியானால் ஜெனரிக் எதற்கு? பெறுநர் வரியில் நிற்கும் ரூட் முகவரியையும் அதுதான் சரிசெய்கிறது. நாளை வேறு நிறுவனத்துக்கு மாறினால் அந்நிய முகவரியைப் பார்த்ததும் அவர்கள் மறுக்கவும் மாட்டார்கள். எந்த மெஷின் அனுப்பியது என்று தெரிய, மெஷின் பெயரை சப்ஜெக்டில் சேருங்கள்.

ரூட் பெயரில் ஓடும் க்ரான் வேலைகள் அனுப்பும் மெயில் ரூட்டுக்குத்தான் வரும். அதை வெளியே திருப்ப, அலையஸஸ் கோப்பில் ரூட்டுக்கு எதிரே உங்கள் ஜிமெயிலை எழுதி நியூஅலையஸஸ் ஓட்டுங்கள். சிசிடிவி பெட்டியும் இதே சர்வர் வழியாக அனுப்ப வேண்டுமானால் மைநெட்வொர்க்ஸில் வீட்டு நெட்வொர்க்கின் வரம்பை மட்டும் சேருங்கள். ரவுட்டரில் 25ஆம் போர்ட்டை உள்ளே திருப்பிவிடும் வேலை வேண்டவே வேண்டாம்.

ஜெனரிக் கோப்புக்கும் போஸ்ட்மேப் ஓட்டி, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்த பிறகு ‘போஸ்ட்மேப் -க்யூ’ கட்டளையில் ரூட் முகவரியைக் கொடுங்கள். ஜிமெயில் முகவரி பதிலாக வர வேண்டும். பிறகு ஒரு சோதனை மெயில் அனுப்பி, மெயில்.லாகில் ரிலே என்ற இடத்தில் ஜிமெயில் சர்வரும் 587ம், ஸ்டேட்டஸில் ‘சென்ட்’டும் இருக்கிறதா பாருங்கள். டைம்டு அவுட் ஆன பழைய மெயில்கள் 5 நாள் வரை க்யூவிலேயே காத்திருக்கும். ‘போஸ்ட்க்யூ -எஃப்’ கொடுத்தால் அவையும் புதிய வழியில் கிளம்பிவிடும்.