ஆறு வயதுப் பல்: பள்ளி திறக்குமுன் ஒரு பாடம்

ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் சீருடை, புத்தகப் பை, காலணி என ஒவ்வொன்றையும் தேடித் தேடி வாங்குகிறோம். குழந்தையின் வாயைத் திறந்து பார்க்கும் பெற்றோர் மிகச் சிலரே. அச்சிறு வாயினுள், வாழ்நாள் முழுவதற்கும் உரிய பல் ஒன்று ஓசையின்றி முளைத்துக் கொண்டிருக்கக் கூடும். அதனைப் பற்றியதே இப்பாடம்.

நாம் கற்ற பாடம்

1986-ஆம் ஆண்டு நாம் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தோம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கரும்பலகையைப் பாராமல், கன்னத்தில் கைவைத்தபடி அமர்ந்திருப்பான். நண்பகல் உணவைப் பாதியிலேயே மூடி வைத்துவிடுவான். சோம்பல் என்று எண்ணினோம். ஒருநாள் வகுப்பு முடியும்வரை நிற்கவும் வைத்தோம். பாடத்தைத் தொடங்குமுன் மாணவனை அறிய வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றதை அன்று மறந்தோம்.

மறுநாள் அவன் வீங்கிய கன்னத்துடன் வந்தபோதுதான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். கீழ்த்தாடையின் கடைசிப் பல் கறுத்துக் குழிந்திருந்தது. தாயாரை அழைத்துக் கூறினோம். "பால் பல்தானே டீச்சர், விழுந்து வேறு முளைத்துவிடும்" என்றார். நமக்கும் அதற்குமேல் அப்போது தெரியாது. பல் மருத்துவரிடம் சென்ற பின்னரே அது பால் பல் அன்று, நிலைப்பல் என்பது தெரிய வந்தது. அதனைப் பிடுங்க நேர்ந்தது. அவ்விடத்தில் மற்றொரு பல் முளைக்கவேயில்லை.

நிலைப்பல்லை அறியும் முறை

பால் பற்கள் மேலே பத்து, கீழே பத்து, ஆக இருபது. ஏறத்தாழ ஆறாம் வயதில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், மேலும் கீழும் இருபுறமுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. சில குழந்தைகளுக்கு ஓராண்டு முன்பின்னாகலாம். இவை நிலைப்பற்கள். இவை வருவதற்காக எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. ஆகவேதான் பெற்றோர் இவற்றின் வருகையை அறிவதில்லை.

முன்பற்களின் நடுவிலிருந்து ஒரு புறமாக எண்ணிப் பாருங்கள். பல் விழுந்த இடைவெளியையும் ஒன்றாகக் கொள்ளுங்கள். ஆறாவது இடத்தில் ஒரு பல் தென்பட்டால், அதுவே ஆறு வயதுப் பல். அதன் மேற்பரப்பில் ஆழ்ந்த பள்ளங்கள் உண்டு. முளைத்து வரும்போது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் அதனை எளிதில் எட்டாது. ஆதலின் சொத்தை விரைந்து பற்றுகிறது.

அங்ஙனமாயின் பால் பல் சொத்தையானால் கேடில்லையோ எனின், உண்டு. கடைவாய்ப் பால் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருந்து, பின்வரும் பற்களுக்கு இடம் காத்து நிற்பவை. அவற்றை முன்னதாகவே இழந்தால், ஆறு வயதுப் பல் முன்புறம் சாய்ந்து அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளும். பற்கள் நெருங்கிக் கோணலாகும்.

சொத்தையின் காரணம்

வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. உமிழ்நீர் அக்குறையைச் சிறிது சிறிதாகச் சீர்செய்கிறது. ஆனால் அதற்குக் கால இடைவெளி வேண்டும். ஒரே வேளையில் நான்கு மிட்டாய் உண்பதைவிட, நாள் முழுவதும் ஒவ்வொன்றாகச் சுவைப்பதே பெருந்தீங்கு.

செய்ய வேண்டுவன

1. மே மாத விடுமுறையிலேயே குழந்தையைப் பல் மருத்துவரிடம் காட்டுக. ஆறு வயதுப் பல்லின் பள்ளங்களை அடைக்கும் பூச்சு உண்டு. அதற்கு ஊசியும் வேண்டுவதில்லை, வலியும் இல்லை. 2013-இல் தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்கிரம் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பற்களையும் பார்க்கிறது. ஆயினும் அதுவரை காத்திருத்தல் வேண்டா.

2. காலையிலும் உறங்குமுன்னும் இரண்டு நிமிடம் பல் துலக்குக. ஏழெட்டு வயது வரை பெரியவர் உடன் நின்று துலக்கிவிட வேண்டும். கடைசிப் பல்லுக்குப் பிரஷைப் பக்கவாட்டிலிருந்து குறுக்காக நுழைத்துத் தேய்க்க வேண்டும். கரித்தூளும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும், அவற்றைத் தவிர்க்க.

3. ஃபுளோரைடு கலந்த பற்பசையை மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவே இடுக. விழுங்காமல் துப்பப் பழக்குக. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சில பகுதிகளைப்போல் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் வாழ்வோர் மருத்துவரைக் கேட்டுப் பற்பசையைத் தேர்க.

4. பொழுது சாயுமுன் உண்ணும் நம் இல்லத்து வழக்கம் பல்லுக்கும் நெடிய ஓய்வைத் தருகிறது. படுக்கையில் சர்க்கரைப் பால் கொடுத்தால் அப்பயன் போய்விடும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பல்லுக்குக் காவலும் குறைகிறது. இரவில் பல் துலக்கியபின் தண்ணீர் மட்டுமே தருக.

5. இடைவேளைக்குப் பல்லில் ஒட்டும் பிஸ்கட்டும் மிட்டாயும் வைக்காமல், சுண்டல், பொரிகடலை, வெள்ளரித் துண்டு ஆகியவற்றை வைத்தனுப்புக. உண்டபின் வாய் கொப்பளிக்கக் கற்பிக்க.

வீட்டுப் பயிற்சி

1. உங்கள் குழந்தைக்கு ஆறாவது இடத்தில் பல் முளைத்துள்ளதா? நான்கு மூலைகளிலும் பார்த்துக் குறிக்க.
2. நேற்று அக்குழந்தை இனிப்பு உண்டது எத்தனை முறை?
3. உறங்குமுன் கடைசியாக வாயில் பட்டது யாது?

வகுப்பில் ஒரு குழந்தை வாடி அமர்ந்திருந்தால், கடிந்து கொள்ளுமுன் "வலிக்கிறதா, கண்ணு?" என்று கேட்க வேண்டும். அன்று நாம் கேட்கத் தவறியது அதுவே. இந்த ஜூனில் எந்தக் குழந்தையும் வலியோடு வகுப்பில் அமராதிருக்க, இன்றே நம் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்ப்போமாக.