சிலம்பக் கோல் இருக்க வாள் எதுக்குங்க?

கேள்வி: நாங்க அஞ்சு பேரு, பீளமேட்டுல காலேஜ் பசங்க. சனிக்கிழமை பொழுதோட உக்காந்தா நடுராத்திரி வரைக்கும் டி அண்ட் டி ஆடுவோம். நாந்தான் டன்ஜன் மாஸ்டர். டிராகன், எல்ஃப் எல்லாம் சலிச்சுப் போயி, அண்ணன்மார் கதையை எடுத்து நம்மூர் ஆட்டமா மாத்திட்டேன். நம்ம ஊர்ப் பெருமையாச்சேன்னு சிலம்பக் கோலுக்கு டி10 சேதம், பத்தடி எட்டும், ஒரு தடவைக்கு ரெண்டு அடி, ரெண்டாவது அடிக்கு டி4-ன்னு விதி எழுதினேன். இப்ப நாலு பேருமே கோலைத் தூக்கிட்டு நிக்கறாங்க. வாள் எடுத்த ஒரே பையனும் போன வாரம் அதை வித்துட்டான். கோலைக் குறைச்சா சண்டைக்கு வர்றாங்க. அண்ணன்மாரோட எதிரி தலையூர்க் காளிக்குக் கோடரி குடுக்கறதா, பெரிய வாள் குடுக்கறதான்னும் ஒரே கொழப்பம். தங்காளா ஆடற பொண்ணு வளரி வேணும்ங்குது. வழி சொல்லுங்ணா.
— ஒரு வாசகர், கோவை

பதில்: தம்பி, வாளை விற்ற பையனைத் திட்டாதீர்கள். உங்கள் மேசையில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

எல்லாருக்கும் பலம் 16, அதாவது +3 என்று வைத்துக்கொள்வோம். டி8 வாளின் சராசரி 4.5. மூன்றைக் கூட்டினால் 7.5. உங்கள் கோலின் முதல் அடி 5.5, மூன்றோடு 8.5, இரண்டாவது அடி 2.5, மூன்றோடு 5.5. ஆக மொத்தம் 14. டி20-ல் எட்டும் அதற்கு மேலும் விழுந்தால் படும் என்றால், நூற்றுக்கு 65 தடவை படும். அந்தக் கணக்கில் சுற்றுக்குக் கோல் 9.1, வாள் 4.9. இருபத்தேழு உயிர்ப்புள்ளி உள்ள ஒரு காவலாளியைக் கோல்காரர் மூன்று சுற்றில் படுக்க வைப்பார். வாள்காரருக்கு ஆறு சுற்று ஆகும். அதற்குள் டீயே ஆறிவிடும்.

நீங்கள் தவறு செய்த இடம் டி10 என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை. டி8-க்குப் பதில் டி10 போட்டால் சராசரியில் ஒரே ஒரு புள்ளிதான் கூடும். வில்லங்கம் இரண்டாவது அடியில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த +3. பகடை எத்தனை முகம் என்பதைவிட, பலத்தை எத்தனை தடவை கூட்டுகிறோம் என்பதுதான் இந்த ஆட்டத்தில் ஆளைக் கொல்லும். ஆட்டத்தின் 2014 பதிப்பில் ‘போல்ஆர்ம் மாஸ்டர்’ என்ற திறனை எடுத்துக்கொண்டு, ஒரு கையில் கோல், மறு கையில் கேடயம் என்று உலகம் முழுக்க ஆடித் தீர்த்தார்கள். அங்கேயும் இதே ஓட்டைதான்.

ஆகவே பகடையில் அதிகம் கை வைக்க வேண்டாம். விதிப் புத்தகத்தில் உள்ளபடியே இரண்டு கையால் பிடித்த கோலுக்கு டி8 கொடுங்கள். இரண்டாவது அடி இருக்கட்டும், டி4 மட்டும், +3 கிடையாது. இரட்டை ஆயுதக்காரர்களின் இடக்கை அடிக்குப் புத்தகமே வைத்திருக்கும் விதிதான் இது. இப்போது கோல் 7.5-உம் 2.5-உம் சேர்ந்து 10. இரண்டு கையால் வீசும் பெரிய வாளுக்கும் சராசரி 7, மூன்று கூட்டினால் அதே 10. சின்ன வாள்காரருக்கு 7.5-தான், ஆனால் அவர் கேடயம் பிடிக்கலாம். எதிரியின் டி20-ல் இரண்டு எண்கள் அவருக்குப் படாமல் போகும். இனி யாரும் எதையும் விற்க மாட்டார்கள்.

பத்தடி எட்டுவதை எடுத்தே விடுங்கள். சிலம்பக் கோல் பொதுவாக ஆடுபவரின் நெற்றி உயரம். அதிலும் கைப்பிடிக்குக் கொஞ்சம் போய்விடும். ஈட்டிக்கே புத்தகம் ஐந்தடிதான் தருகிறது.

சரி, அப்புறம் கோலுக்கு என்னதான் பெருமை? சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு காலை நேரம் வாத்தியார் ஒருவர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூங்கில் சுழலும்போது நுனி கண்ணுக்கே தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். எதிரில் நின்ற பையன் தலையைக் காத்துக்கொண்டிருந்தான். அடி விழுந்தது விரல் முட்டியில். கோல் தானாகக் கீழே விழுந்தது. பையன் கையை உதறிக்கொண்டு சிரித்தான். அடுத்த சுற்றில் கணுக்காலைத் தட்டிக் குப்புறச் சாய்த்தார். கொல்வது கோலின் வேலை இல்லை. பிடியை நழுவ விடுவது, காலை வாருவது, நாலு பேர் சூழ்ந்தால் வட்டம் போட்டு விலக்கி நிறுத்துவது, இதுதான் அதன் வித்தை. 2024 பதிப்பு இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டது. அதில் கோலுக்கு ‘டாப்பிள்’ என்று ஒரு தன்மை உண்டு. அடி பட்டவர் தாக்குப்பிடிக்காவிட்டால் தரையில் விழுவார். உங்கள் பையன்களிடம் சேதத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் இதைக் கொடுங்கள். சண்டைக்கு வர மாட்டார்கள்.

இன்னொன்று, விலை. புத்தகத்தில் கோல் 2 வெள்ளிக்காசு, நீள வாள் 15 பொற்காசு. எழுபத்தைந்து மடங்கு வித்தியாசம். முதல் இரண்டு ஆட்டத்திலேயே எல்லாரையும் பணக்காரர் ஆக்கிவிட்டால் இந்த வித்தியாசம் செத்துப்போகும். நல்ல வாளைக் கடையில் வைக்காதீர்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்த தடயங்களும் கிடைத்த ஊர். பதிற்றுப்பத்தில் பேர் வரும் பழைய ஊர். +1 வாள் வேண்டுமா, அங்கே ஒரு கொல்லரைத் தேடிப் போகட்டும், கரியும் கனிமமும் சுமக்கட்டும். அதுவே மூன்று சனிக்கிழமைக்கு வரும்.

கோலுக்கு இன்னொரு சலுகை: அதை யாரும் ஆயுதம் என்று சொல்ல முடியாது. ஆடு மேய்ப்பவர் கையிலும் இருக்கும், வயதானவர் கையிலும் இருக்கும். 1801 இறுதியில் கும்பினியார் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டார்கள். அப்படி ஒரு காவல் உள்ள கோட்டை வாசலில் வாளைப் பிடுங்கிக்கொள்வார்கள், ஊன்றுகோல் உள்ளே போய்விடும். தீரன் சின்னமலை காலத்துக்கு ஆட்டத்தை நகர்த்தும் எண்ணம் இருந்தால் சங்ககிரி வாசலில் இதை வைத்துப் பாருங்கள். அவரை 1805-ல் தூக்கிலிட்ட கோட்டை அது. வாசல் விவரணையைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

இடத்தையும் மாற்றுங்கள். எல்லாச் சண்டையும் வெட்டவெளியில் வைத்தால் எந்த விதியும் காப்பாற்றாது. ஆளுயரச் சோளக்காட்டுக்குள் கோலைச் சுழற்ற முடியுமா? குறுகலான கோயில் பிராகாரத்தில்? அங்கெல்லாம் கோல்காரர் இரண்டு டி20 உருட்டிச் சின்ன எண்ணை எடுக்கட்டும். இடுப்பில் செருகிய அரிவாள்காரருக்கு அன்றைக்குத்தான் நல்ல நாள். அரிவாளுக்கு டி6 போதும்.

தலையூர்க் காளிக்கு வருவோம். பெரிய வாள் 2டி6, கோடரி டி12. சராசரி 7-உம் 6.5-உம், பெரிய வித்தியாசமில்லை. உருளும் விதம்தான் வேறு. வீட்டில் தாயக்கட்டை இருக்கும், எடுத்து உருட்டிப் பாருங்கள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெற்று முகம். மொத்தம் பதினாறு விதமாக விழும். அதில் மூன்று விழுவது நாலு விதம். ஆறு ஒரே விதம், இரண்டும் வெற்றாக விழும் பன்னிரண்டும் ஒரே விதம். இரண்டு கட்டை சேர்ந்தாலே நடு எண்ணில் கூட்டம் சேர்ந்துவிடும். அதேபோல 2டி6-ல் பன்னிரண்டு விழுவது 36-ல் ஒரு தடவை, ஏழு ஆறில் ஒரு தடவை. ஒற்றைக் கட்டையான டி12-ல் ஒன்றும் பன்னிரண்டும் ஒரே வாய்ப்பு. காளிக்குக் கோடரியைக் கொடுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் மேசை மூச்சைப் பிடிக்கும். அண்ணன்மாரில் சங்கருக்கும் அதுவே பொருந்தும், முன்கோபி. நிதானமான பொன்னருக்கு 2டி6.

1974-ல் ஆட்டம் முதலில் வந்தபோது இந்தத் தலைவலியே கிடையாது. குத்துவாளோ பெரிய வாளோ, எல்லாவற்றுக்கும் ஒரே அறுமுகப் பகடை. ஆயுதத்துக்கு ஒரு பகடை என்பது மறுவருடம் ‘கிரேஹாக்’ துணைநூலில்தான் வந்தது. பழனி பக்கத்துக்காரன் என்பதால் அறுமுகத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆனாலும் உங்கள் பையன்கள் ஒப்ப மாட்டார்கள்.

வளரி நம் கொங்குச் சாமான் இல்லை. சிவகங்கை, இராமநாதபுரத்துப் பக்கம். அதனால் என்ன, வியாபாரி கொண்டுவந்து விற்றதாக வையுங்கள். டி6, எறிதல். ஆனால் பட்ட வளரி கையில் திரும்பி வந்து உட்காராது. எறிந்த இடத்தில் போய்ப் பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் ஐந்து வளரி ஆகிவிடும். தங்காளுக்கு ஆயுதத்தைவிடப் பெரிதாக ஒன்று கதையிலேயே இருக்கிறது. உடுக்கடிப் பாட்டில் படுகளக் கட்டம் கேட்டிருப்பீர்கள். விழுந்த அண்ணன்மாரை எழுப்புகிறவள் அவள்தான். அந்தச் சக்தியை ஆட்டம் முழுதுக்கும் ஒரே ஒரு தடவை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். எப்போது என்பதை அவரே முடிவு செய்யட்டும், நீங்கள் தலையிட வேண்டாம்.

வரும் சனிக்கிழமை சண்டையைச் சோளக்காட்டில் வையுங்கள். வாளை விற்றவர் அதை என்ன விலைக்குத் திருப்பி வாங்கினார் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.