நண்டுக் கோதில் தொடங்கும் சீவீ

திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், கெமிஸ்ட்ரி முடித்துக் கொழும்புக்கு இன்டர்வியூ போகிறீர்கள். பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடமும் அதே டிகிரிதான். உங்கள் சீவீயில் ‘புரோட்டீன், பொலிமர் கிராஸ்லிங்கிங்’ என்று ஒரு வரி இருந்தால் போர்டின் கண் அங்கே நிற்கும். அடுத்து வருவது கேள்வி. அதற்குத் தயாராகப் போங்கள்.

1. விஷயத்தை அரை நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். கிராஸ்லிங்கர் என்பது இரு முனையிலும் பிடி உள்ள மூலக்கூறு. குளூட்டரால்டிஹைட் இரண்டு முனையாலும் அமீனைப் பிடிக்கும். எஸ்எம்சிசி ஒரு முனையால் அமீனையும் மறுமுனையால் தயோலையும் பிடிக்கும். 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மார்பகப் புற்றுநோய் மருந்தான கட்சைலாவில் ஆன்டிபொடியோடு மருந்தைக் கோத்திருப்பது இந்த எஸ்எம்சிசிதான். இந்த உதாரணம் ஒன்று போதும்.

2. ரியாக்‌ஷன் ஏன் பிழைக்கும் என்று தெரிந்திருங்கள். ஆட்களைப் பிரித்தெடுப்பது இந்தக் கேள்விதான். எஸ்எம்சிசியில் அமீனைப் பிடிக்கும் முனையான என்எச்எஸ் எஸ்டரை ட்ரிஸ் பஃபரில் போட்டால் ட்ரிஸ்ஸின் அமீனே அதைத் தின்றுவிடும், புரதத்துக்கு மிஞ்சாது. பொஸ்பேட் பஃபர் எடுங்கள், பீஎச் 7.2 முதல் 8 வரை. கார்பொக்சிலை அமீனோடு இணைக்கும் ஈடிசிக்கோ சற்று அமிலம் வேண்டும். எம்ஈஎஸ் பஃபர், பீஎச் 5 அளவில்.

அடுத்தது போத்தல். −20 பாகை ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஈடிசியை உடனே திறக்காதீர்கள். எங்கள் ஊர்க் காற்றில் போத்தல் கண்முன்னே வியர்க்கும். அப்போது மூடியைத் திருகினால் அதே ஈரம் பவுடரிலும் இறங்கும். பிறகு அது ரீஏஜென்ட் இல்லை. அறைச் சூட்டுக்கு வரும்வரை மேசையில் வையுங்கள். அவசரப்படாமல் காத்திருக்கும் கையை எந்த சூப்பர்வைசரும் கவனிப்பார்.

3. சொந்தமாக ஒரு புரொஜெக்ட் செய்யுங்கள். விலை கூடிய ரீஏஜென்டுக்காகக் காத்திருந்தால் வருடம் போய்விடும். குருநகரில் நண்டுக் கோது கிடைக்கும். டிபார்ட்மென்ட் லாபில், ஃபியூம் ஹுட்டுக்குள் வேலை செய்யுங்கள். ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பைக் கழற்றுங்கள், ஐதான காரத்தில் புரதத்தைக் கழற்றுங்கள், கடைசியில் செறிந்த சூடான காரத்தில், மிஞ்சும் கைட்டினைக் கைட்டோசன் ஆக்குங்கள். அதை அசற்றிக் அமிலத்தில் கரைத்து, சோடியம் ஹைட்ரொக்சைட் கரைசலில் துளி துளியாக விட்டால் வெள்ளை மணிகள் திரளும். பாதியைக் குளூட்டரால்டிஹைட்டில் ஊறவிடுங்கள், மஞ்சளாகும். கையுறை கட்டாயம், குளூட்டரால்டிஹைட் ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும்.

4. ஒரே துறையை நம்பி இருக்காதீர்கள். டயர், கையுறைத் தொழிற்சாலைகளில் ரப்பரைக் கந்தகத்தால் வல்கனைஸ் செய்வதும் கிராஸ்லிங்கிங்தான். டயக்னொஸ்டிக் கிட், என்சைம் இம்மொபிலைசேஷன், வெளிநாட்டுப் பிஎச்டி எல்லாவற்றுக்கும் இதே அறிவு செல்லும். விளம்பரத்துக்கு ஏற்றபடி சீவீயில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி எழுதுங்கள்.

வெளிநாட்டுப் பேராசிரியருக்கு ஈமெயில் போடும்போது நீண்ட புகழுரை வேண்டாம். ஐந்து வரி எழுதி உங்கள் புரொஜெக்டின் ஒரு படத்தை இணையுங்கள்: அருகருகே இரண்டு டெஸ்ட் டியூப், இரண்டிலும் ஐதான அசற்றிக் அமிலம். ஒன்றில் வெள்ளை மணிகள் கரைந்து காணாமல் போயிருக்கும். மற்றதில் மஞ்சள் மணிகள் அடியில் அப்படியே கிடக்கும்.