காடும் கடலும் காண நடப்போம்



பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், மலைக்காடு இறங்கி வந்து கடலைத் தொடும் இடம் ஒன்று உண்டு. அதுவே பினாங்கு தேசியப் பூங்கா. முன்னாளில் பந்தாய் ஆச்சே வனக்காப்பகம் என்று பெயர் பெற்றிருந்த இக்காடு, 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை, கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று நாம் படிக்கிறோம். இவ்விரண்டையும் ஒரே நாளில் கண்ணாரக் காண அங்கே வாய்ப்புண்டு. ஆயினும், ஆசை வந்தவுடன் புறப்பட்டுவிடலாகாது. காட்டுவழியில் நேரும் துன்பங்களுள் பல, புறப்படுமுன் எண்ணாமல் விட்டவற்றால் நேர்வனவே. ஆதலின் நடைப்பயணத்தைத் திட்டமிடும் முறையை இங்கே படிப்படியாகக் காண்போம்.

1. இடத்தைத் தெரிதல்

பூங்காவின் வாயில் தெலுக் பகாங் என்னும் ஊரில் உள்ளது. ஜார்ஜ் டவுனிலிருந்து 101ஆம் எண் பேருந்து அங்கே செல்கிறது. வாயிலிலிருந்து சிறிது தூரம் கடற்கரையோரம் நடந்தால் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கரையோரமாகவே முக்கா ஹெட் முனைக்குச் செல்லும். அங்கே குன்றின்மேல் 1883ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. மற்றொன்று காட்டினூடே மேடேறி இறங்கி, பந்தாய் கெராச்சுட் என்னும் கடற்கரையை அடையும். மலாய் மொழியில் ‘பந்தாய்’ என்பது கடற்கரையையும், ‘தெலுக்’ என்பது வளைகுடாவையும் குறிக்கும்.

கலங்கரை விளக்கத்திற்குச் செல்லும் வழி நீளமானது. முடிவில் செங்குத்தான ஏற்றமும் உண்டு. கெராச்சுட் செல்லும் வழி ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர். நம் குழுவில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவரால் இயலும் வழியே நம் வழி. ஆகவே கெராச்சுட்டையே தெரிவு செய்வோம்.

2. காலத்தைத் தெரிதல்

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குறைவு. மழை பெய்த பின் மரவேர்களும் பாறைகளும் வழுக்கும். பிற்பகலில் இடியுடன் மழை பெய்வதும் நம் நாட்டில் வழக்கம். எனவே காலையில் நடந்து, பிற்பகல் முதிருமுன் திரும்புதல் நலம்.

3. நேரக் கணக்கு

சாலையில் நாம் மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கலாம். காட்டில் ஏற்றமும் இறக்கமும் இளைப்பாறலும் சேர, மணிக்கு 2 கிலோமீட்டர் என்றே கணக்கிடுவோம். அப்படியாயின் 3.4 கிலோமீட்டருக்கு 1 மணி 42 நிமிடம் ஆகும். காலை 8.30க்குப் புறப்பட்டால் ஏறத்தாழ 10.15க்குச் சேரலாம். 12.15க்குத் திரும்பத் தொடங்கினால் 2 மணிக்கு வாயிலை அடையலாம்.

இதைவிட இன்றியமையாத கணக்கு ஒன்றுண்டு. அதுதான் திரும்பும் நேரம். 11 மணிக்குள் கடற்கரையை அடையாவிடில், எங்கே நிற்கிறோமோ அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும். ‘இன்னும் சிறிது தூரந்தானே’ என்னும் எண்ணம் காட்டில் ஆபத்தானது. சென்ற தூரம் முழுவதையும் களைத்த கால்களோடு மீண்டும் நடக்க வேண்டும் அல்லவா? படகில் திரும்பும் வசதி உண்டெனினும், கடல் கொந்தளித்தால் படகு வாராது. ஆதலால் நம் கால்களை நம்பியே திட்டம் வகுப்போம்.

4. கொண்டு செல்வன

ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் நீர் வேண்டும். மாணவர் 40 பேராயின் 60 லிட்டர் ஆகும். இதை ஒருவரே சுமக்க இயலாது. அவரவர் நீரை அவரவரே சுமத்தல் வேண்டும். ஓடை நீரை அப்படியே பருகலாகாது. வழுக்காத காலணி, மழைக்கோட்டு, தொப்பி, கொசு மருந்து, முதலுதவிப் பெட்டி, ஊதல் ஆகியனவும் தேவை. உணவை முதுகுப்பைக்குள் வைத்து மூடுக. கையில் பிளாஸ்டிக் பையைக் கண்டால் நீண்டவால் குரங்குகள் பறிக்க வரும்.

5. வழியில் ஒழுகும் முறை

பூங்கா அலுவலகத்தில் பெயர்களைப் பதிந்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும். யாரேனும் திரும்பவில்லை என்பதை அறிய அப்பதிவு உதவும். முன்னே ஓர் ஆசிரியர், பின்னே ஓர் ஆசிரியர், இடையே இருவர் இருவராக மாணவர். மெதுவாக நடப்பவர் முன்வரிசையில் செல்லட்டும். அவர் நடையே அனைவரின் நடை. பாதை பிரியும் இடத்தில் நின்று தலைகளை எண்ணுக. வழி தவறினால் அலையாமல், நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊதுக.

6. அங்கே காண்பன

காட்டில் செராயா, ஜெலுத்தோங் முதலிய நெடுமரங்களைக் காணலாம். கெராச்சுட்டில் அரியதோர் ஏரி உள்ளது. அதில் நன்னீர் மேலும், கனத்த உப்புநீர் கீழுமாக இரு நீரும் கலவாமல் அடுக்காக இருக்கும். மழை குறைந்த நாள்களில் ஏரி வற்றியும் காணப்படும். கரையில் கடலாமை முட்டைகளைப் பாதுகாக்கும் நிலையமும் இருக்கிறது. ஆமைகள் இரவில் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடும். மணலின் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகுதியாகும் என்பது வியப்பன்றோ! கடலில் சொறிமீன்கள் இருப்பதால் நீந்துதல் கூடாது. ஆமைகள் பிளாஸ்டிக் பையை இரையென எண்ணி விழுங்கி இறப்பதுண்டு. ஆகவே நம் குப்பையை நாமே திரும்பக் கொண்டு வருவோம்.

மாணவர்களே! கடற்கரையை அடைவது மட்டும் வெற்றியன்று. புறப்பட்ட 40 பேரும் 40 பேராகவே வீடு திரும்புவதே வெற்றி. திட்டமிட்டு நடப்போம், இயற்கையைப் போற்றுவோம்.

பயிற்சி

1. ‘திரும்பும் நேரம்’ என்றால் என்ன? அஃது ஏன் வேண்டும்?
2. மழையால் நடை மணிக்கு 1.7 கிலோமீட்டராகக் குறைந்தால், 8.30க்குப் புறப்பட்ட நாம் எப்பொழுது கெராச்சுட்டை அடைவோம்?
3. ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புநீரை ஊற்றி, அதன்மேல் வண்ணமிட்ட நன்னீரைக் கரண்டி வழியே மெல்ல ஊற்றுக. கண்டதை எழுதுக.