தணலில் வாட்டிய பீச்சும் பிளமும்: எந்தப் பழத்துக்கு எந்தச் சீஸ்

கோடையில் பழுக்கும் பீச், நெக்டரின், ஆப்ரிகாட், பிளம், செர்ரி ஆகிய ஐந்தும் ரோஜாக் குடும்பத்தில் புரூனஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மெல்லிய வெளித்தோல், சாறு நிறைந்த சதை, அச்சதையின் நடுவே ஒற்றை விதையைப் பொதிந்துவைத்திருக்கும் கல் போன்ற ஓடு என மூன்று அடுக்குகளால் இவை அமைந்திருப்பதால், தாவரவியலார் இவற்றை உள்ளோட்டுத் தசைக்கனிகள் என வகைப்படுத்துவர். இக்கனிகளை இரண்டாகப் பிளந்து, கொட்டையை நீக்கி, தணலின் மேல் வாட்டி, பாலாடைக்கட்டி எனப்படும் சீஸுடன் பரிமாறும் முறை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடை விருந்துகளில் பரவலாகக் காணப்படுகிறது. உப்பு மிகுந்த சீஸுடன் சேரும்போது விருந்தின் தொடக்கத்தில் பசியைத் தூண்டும் சிற்றுணவாகவும், உப்பற்ற சீஸுடன் சேரும்போது விருந்தை முடித்துவைக்கும் இனிப்பாகவும் அதே பழம் மாறிவிடுவதே இம்முறையின் சிறப்பு. சமையலுக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் பழமும் சீஸும் பொருந்தாவிட்டால் பழம் கூழாகிக் கம்பித்தட்டில் ஒட்டிக்கொள்ளும், சீஸ் உருகித் தணலில் ஒழுகும். ஆகவே சமைக்கும் திறனைவிடத் தேர்வே இங்கு முதன்மையானது. அத்தேர்வும், சீஸ் நெருப்பைத் தாங்குமா என்பதையும் பழத்தின் புளிப்பு எவ்வளவு என்பதையும் அறிந்துவிட்டால் எளிதாகிவிடுகிறது.

பழத்தை வாட்டுவதால் விளைவது என்ன என்பதை முதலில் காணவேண்டும். பீச் பழத்தின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர். வெட்டிய முகம் சூடேறிய கம்பியில் படும்போது அங்குள்ள நீர் ஆவியாகி, எஞ்சிய சர்க்கரை செறிவடைகிறது. சாதாரணச் சர்க்கரை பழுப்பேற 160 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டியிருக்க, பழங்களில் இயல்பாக உள்ள ஃபிரக்டோஸ் ஏறத்தாழ 110 டிகிரியிலேயே பழுப்பேறத் தொடங்கிவிடுவதால், சில நிமிடங்களுக்குள் பழத்தின் மேல் பொன்பழுப்பு வரிகள் விழுந்து, இலேசான கசப்பு கலந்த பாகுச்சுவை உண்டாகிறது. அதே நேரத்தில், பழத்தின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்துவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருள் சூட்டில் இளகுவதால் சதை குழைகிறது. புளிப்பும் முன்னைவிடத் தெளிவாக நாவில் படுகிறது. இவ்வாறு கூர்மையடைந்த இனிப்பையும் புளிப்பையும் தாங்கிப்பிடிக்க உப்போ கொழுப்போ தேவைப்படுகிறது. சீஸின் பணி அதுவே.

சீஸ் வகைகளுள் நெருப்பைத் தாங்குபவை சிலவே. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் கால்சியத்தின் உதவியால் வலைபோலப் பின்னிக்கொள்வதே பெரும்பாலான சீஸ்களின் அடிப்படை. மோட்சரெல்லாவைப் போலப் பால் ஓரளவு புளித்து உருவாகும் சீஸ்களில் அப்புளிப்பு கால்சியத்தின் ஒரு பகுதியைக் கரைத்து வலையைத் தளர்த்திவிடுவதால், சூடு பட்டதும் அவை உருகி ஓடுகின்றன. சைப்ரஸ் தீவின் ஹலூமி இதற்கு நேர்மாறானது. செம்மறியாட்டுப் பாலும் வெள்ளாட்டுப் பாலும் கொண்டு, இக்காலத்தில் பசும்பாலும் கலந்து செய்யப்படும் இச்சீஸில் புளிப்பேற விடப்படாததால் கால்சியம் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது. மேலும், உறைந்த கட்டிகள் 90 டிகிரிக்கு மேல் சூடான மோர்த்தெளிவில், அதாவது பால் திரிந்து பிரிந்த நீரில், மீண்டும் வேகவைக்கப்படுவதால் அவற்றின் புரதவலை இன்னும் இறுகுகிறது. ஆகையால் தணலில் வைத்தால் ஹலூமி உருகாமல், மேற்புறம் மட்டும் பொன்னிறமாகி, உள்ளே மென்று தின்னத்தக்க பதத்தில் நிற்கிறது. நூறு கிராமுக்கு இரண்டரை முதல் மூன்று கிராம் வரை உப்பு கொண்ட இதனைச் சைப்ரஸ் மக்கள் கோடையில் தர்பூசணியோடு உண்பது வழக்கமாகையால், இனிப்புப் பழத்தோடு உப்புச் சீஸைச் சேர்ப்பது அண்மைக்கால உணவகங்களின் கண்டுபிடிப்பு அன்று என்பது விளங்கும். 2021-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இப்பெயருக்குத் தோற்றவிடப் பாதுகாப்பு வழங்கியது. பிரேசிலின் கடற்கரைகளில் குச்சியில் கோத்துச் சுட்டு விற்கப்படும் கோவால்யோ என்னும் சீஸும் நெருப்பைத் தாங்கும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

நம் நாட்டுப் பனீரும் உருகுவதில்லை. ஆனால் அதன் காரணம் வேறு. கொதிநிலையை ஒட்டிய சூட்டிலுள்ள பாலில் எலுமிச்சைச் சாறு போன்ற அமிலத்தைச் சேர்த்துத் திரிக்கும்போது, கேசீனோடு மோர்ப்புரதங்களும் பிணைந்து இறுகிவிடுவதால், மீண்டும் சூடாக்கினால் அது உருகாமல் நீரை மட்டும் இழக்கிறது. ஹலூமிக்கு மாற்றாகப் பனீரைப் பயன்படுத்துவோர் மறந்துவிடும் வேறுபாடு உப்பு. கடைப் பனீரில் உப்பு அநேகமாக இல்லாமையால், அதனை அப்படியே பழத்தோடு வாட்டினால் சுவை சப்பென்று போய்விடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிய பனீர்த் துண்டுகளை அதில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, பின் துணியால் ஈரத்தை முற்றிலும் ஒற்றி எடுத்தால், அது பழத்துக்கு ஈடுகொடுக்கும் துணையாகிறது. இனிப்புக்கு வேண்டுமாயின் உப்பில் ஊறவைக்காமல் அப்படியே பயன்படுத்தலாம்.

நெருப்பைத் தாங்காத சீஸ்கள் அடுப்புக்கு வெளியே, வாட்டிய பழத்தைச் சந்திக்கவேண்டியவை. தெற்கு இத்தாலியின் புல்யா பகுதியில் தோன்றிய புர்ராட்டா, மோட்சரெல்லாவால் ஆன பைக்குள் பாலேடும் சீஸ் இழைகளும் நிரப்பியது. குளிர்ச்சி போகும்படி அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து, சூடான பழத்தின் அருகில் அதனைப் பிளந்தால், உள்ளிருந்து வழியும் பாலேடு பழச்சாற்றோடு கலந்து தானே குழம்பாகிவிடுகிறது. லொம்பார்டிப் பகுதியின் மஸ்கார்போனே, பாலேட்டை அமிலத்தால் உறையவைத்துச் செய்யப்படுவதாகையால் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் கொழுப்பாகவே இருக்கும்; புளிப்பு மிக்க பழத்தை அடக்குவதில் இதற்கு இணையானது அரிது. ரிக்கோட்டா இதைவிட இலேசானது, உப்பும் குறைவு. கிரேக்கத்தின் ஃபெட்டா உப்புநீரில் ஊறியது. புளிப்பும் உடையதால் ஏற்கெனவே புளித்த பழத்தோடு சேர்வதைவிட நன்கு பழுத்த இனிப்புப் பழத்தோடு சேர்வதே தகும். புதிய வெள்ளாட்டுச் சீஸுக்கும் இதே விதி பொருந்தும். பிரான்சின் ராக்ஃபோர்ட், இத்தாலியின் கோர்கொன்சோலா போன்ற நீலச் சீஸ்கள், அதாவது பென்சிலியம் என்னும் பூஞ்சையால் நீலக்கோடுகள் படரவிடப்பட்டவை, சிறிதளவிலேயே முழுத் தட்டையும் ஆளக்கூடியவை. ஒரு பாதிப் பழத்துக்குச் சுண்டைக்காய் அளவு போதும். ராக்ஃபோர்ட் காய்ச்சாத பச்சைப் பாலில் செய்யப்படுவதால் கர்ப்பிணிகள் இதனைத் தவிர்க்கவேண்டும். சைவ உணவினர் கவனிக்கவேண்டியது இன்னொன்று: மரபான பல ஐரோப்பியச் சீஸ்கள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட் என்னும் உறைநொதியால் செய்யப்படுகின்றன. பனீரும் மஸ்கார்போனேவும் அமிலத்தால் உறைபவை என்பதால் இவ்வையம் எழுவதில்லை. ஏனையவற்றில் உறையின் மேலுள்ள குறிப்பைப் படித்தே வாங்கவேண்டும்.

பழங்களுக்கு வருவோமானால், முதலிடம் பீச்சுக்கும் நெக்டரினுக்குமே உரியது. நெக்டரின் என்பது தோலில் பூமயிர் இல்லாத பீச்சே. மயிர் கருகும் தொல்லை இல்லாததால் தோலோடு உண்ண விரும்புவோர்க்கு அதுவே ஏற்றது. பீச்சில், சதை கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வகையும் எளிதில் பிரியும் வகையும் உண்டு. முந்தியதை இரண்டாகத் திருகிப் பிரிக்க முயன்றால் சதை நசுங்கிப்போவதால், வாட்டுவதற்குப் பிந்தியதே தகுந்தது. மஞ்சள் சதைப் பீச்சில் இனிப்புக்கு ஈடான புளிப்பு இருப்பதால் அது சூட்டில் சுவை கூடுகிறது; வெள்ளைச் சதைப் பீச்சில் புளிப்பு குறைவாகையால் வாட்டியபின் வெறும் இனிப்பே மிஞ்சும். அதனைப் பச்சையாகவே உண்பது மேல். பழத்தின் சிவப்பைக் கண்டு பழுத்தது என மயங்கலாகாது. சிவப்பு அந்தந்த வகைக்குரிய இயல்பு. காம்பருகே உள்ள அடிநிறம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருப்பதே பழுத்தமைக்குச் சான்று. வாட்டுவதற்கு, விரலால் அழுத்தினால் சிறிதே அமுங்கும் பதம், அதாவது பச்சையாக உண்பதற்கு இன்னும் ஒரு நாள் வேண்டும் என்னும் பதம், சிறந்தது. பழுக்காத பீச்சை ஏறத்தாழ 2 முதல் 8 டிகிரிக்குட்பட்ட குளிரில், அதாவது பெரும்பாலான வீட்டுக் குளிர்ப்பெட்டிகளின் குளிரில், பல நாள் வைத்தால் சதை சாறிழந்து மாவுபோல் ஆகிவிடும். அக்கேட்டை எந்த நெருப்பாலும் சரிசெய்ய இயலாது. வெளியே வைத்துப் பழுக்கவிட்டபின்னரே குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும்.

ஆப்ரிகாட்டைப் பச்சையாக உண்டு மெச்சாதவர்களும் வாட்டியபின் மெச்சுவர். சாறு குறைந்து இறுகிய சதையுடையதால் அது எளிதில் உருக்குலையாது. சூட்டில் அதன் புளிப்பு ஓங்கி, மணம் பெருகுகிறது. துருக்கியில் உலர்ந்த ஆப்ரிகாட்டைப் பாகில் வேகவைத்து, கைமாக் என்னும் கெட்டிப் பாலேட்டை அதனுள் நிரப்பும் இனிப்பு புகழ்பெற்றது. இப்பழத்தின் புளிப்புக்குக் கொழுப்பே மருந்து என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிளம்மில் புளிப்பும் துவர்ப்பும் பெரிதும் தோலிலேயே தங்கியிருப்பதால், தோலை நீக்காமல் வாட்டினால் உள்ளே இனிப்பும் வெளியே கூர்மையும் ஒருங்கே கிடைக்கும். எனினும் சாறு மிகுதியாகையால் மூன்று நிமிடங்களுக்கு மேல் தாங்காது. செர்ரி கம்பிகளின் இடையே விழுந்துவிடும் அளவுக்குச் சிறியது என்பதால் இரும்புத் தோசைக்கல்லே அதற்குப் போதும்; பிரான்சின் பாஸ்க் பகுதியில் கருஞ்செர்ரி ஜாமைச் செம்மறியாட்டுக் கடினச் சீஸோடு உண்ணும் வழக்கத்தைப் பின்பற்றி, முதிர்ந்த சீஸோடு அதனைப் பரிமாறலாம்.

வாட்டும் முறையில் கவனிக்கவேண்டியவை சிலவே. கம்பித்தட்டுக்கு அன்றிப் பழத்தின் வெட்டுமுகத்துக்கே எண்ணெய் தடவவேண்டும். வெண்ணெயிலுள்ள பால்பொருள் கருகுமாகையால் மணமில்லாத சமையல் எண்ணெய் மேலானது. சர்க்கரையையும் தேனையும் முன்கூட்டியே தடவினால் பழம் வேகும்முன் அவை கரிந்து கசக்கும். தேனைப் பரிமாறும்போது விடுவதே முறை. நடுத்தரத்துக்குச் சற்று மேலான தணலில் வெட்டுமுகம் கீழே இருக்குமாறு மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் அசைக்காமல் விட்டு, பழம் தானாகக் கம்பியை விட்டு எழும்போது திருப்பி, மேலும் இரண்டு நிமிடங்கள் வைத்தால் போதும். ஹலூமியைத் துடைத்து உலர்த்தி, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வாட்டி உடனே பரிமாறவேண்டும். ஆறினால் அது ரப்பர்போல் இறுகிவிடும். கரியடுப்பு இல்லாதவர்கள் வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை நன்கு காயவைத்துப் பயன்படுத்தலாம். புகைமணம் மட்டுமே குறையும், பாகுச்சுவை குறையாது.

தமிழ்நாட்டுச் சந்தைக்கு நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலிருந்து பிளம், பீச் பழங்களும், இமாச்சலத்திலிருந்து சான்டா ரோசா என்னும் பிளம் வகையும் கோடையில் வருகின்றன. இப்பிளம் அமெரிக்கரான லூதர் பர்பேங்க் உருவாக்கி 1906-இல் வெளியிட்டது. தோலின் புளிப்பு மிகுந்த இவ்வகைக்கு உப்பில் ஊறிய பனீர் நன்கு பொருந்தும். மாம்பழமும், முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், உள்ளோட்டுத் தசைக்கனியே. நார் குறைந்து இறுகிய சதையுடைய பங்கனபள்ளியைச் சற்றுக் காய்ப்பதத்தில் வாட்டலாம். புளிப்பு போதாத குறையை எலுமிச்சைச் சாறும் மிளகாய்த்தூளும் தீர்க்கும். மல்கோவா போன்ற குழைந்த பழங்களை நெருப்பருகே கொண்டுசெல்லாமலிருப்பதே நலம்.

விருந்தின் தொடக்கத்துக்கு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டுமாயின், கொட்டை எளிதில் பிரியும் மஞ்சள் பீச்சும் ஹலூமியுமே முதல் தேர்வு. ஒரே தணலில், ஒரே நேரத்தில் இரண்டும் தயாராவதால் விருந்தளிப்பவருக்கு வேலையும் குறைவு. நேரமும் பொருளும் மிகுதியாக உள்ள நாளில் புர்ராட்டா அதனை விஞ்சும். நீலச் சீஸைப் பிளம்மோடு, அதுவும் அதனை விரும்புவோர் கூடிய விருந்தில் மட்டுமே, பரிமாறலாம்; அறிமுகமில்லாதவர்களுக்கு அது முதல் கவளத்திலேயே வெறுப்பூட்டக்கூடும். இனிப்புக்கு ஆப்ரிகாட்டும் மஸ்கார்போனேவும் மற்ற எல்லா இணைகளையும் முந்தி நிற்கின்றன. ஆப்ரிகாட் கிடைக்காத ஊர்களில் மலைப் பிளம்மை வாட்டி, கெட்டியாக வடித்த தயிரையும் பாலேட்டையும் சம அளவில் அடித்துச் சேர்த்தால் அதற்கு மிக அருகில் வரலாம்.